செயற்கைப் புல் மைதானம் போடுகிறீர்களா? இழைகளுக்கிடையே நிரப்பும் துகளை அளந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள்

எங்கள் குழு கால்பந்துக்காகச் செயற்கைப் புல் மைதானம் போட்டு இரண்டரை ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் கோல் கம்பங்களின் முன்னால் இழைகள் படுத்துவிட்டன. கையால் தேய்த்தால் பச்சைத் தூளாக உதிர்கின்றன. சென்ற மாதம், இரண்டு புல் விரிப்புகளை ஒட்டிய இடத்தில், பிரிந்து கிடந்த இணைப்பில் கால் மாட்டி 14 வயதுப் பையன் ஒருவன் விழுந்தான். மூன்று வாரம் நடக்க முடியாமல் கிடந்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"வெயில், மழை எதுவும் இதை அசைக்காது. பராமரிப்பே வேண்டாம்" என்றார் ஒப்பந்ததாரர். அத்தனையும் பொய். வெயிலின் புற ஊதாக் கதிர் பாலிஎதிலீன் இழையை நாளடைவில் நொறுங்க வைக்கும். அதைத் தாங்கும் வேதிப்பொருள் இழையில் போதுமான அளவு இருந்தால்தான் பல ஆண்டுகள் உழைக்கும். பெருமழை ரப்பர் துகளை மிதக்கவிட்டு ஓரங்களில் ஒதுக்கிவிடும்.

பெரிய மோசடி அந்தத் துகளில்தான். இழைகளை நிமிர்த்திப் பிடிப்பதே அவற்றினிடையே நிரப்பும் மணலும் ரப்பர் துகளும்தான். அது குறைந்தால் இழை வெளியே நீண்டு நின்று, மிதிபட்டு மடங்கி, பிளந்துபோகும். விழுகிறவர்களுக்கும் தரை கடினமாகிவிடும். 50 மில்லிமீட்டர் இழைக்கு 32 மில்லிமீட்டர் நிரப்புவதாக ஒப்பந்தத்தில் இருந்தது. யாரும் அதிகம் ஓடாத மூலையில் அளந்தோம்: 18. ஓடி ஓடிக் குறைந்தது என்று சொல்லவே வழியில்லை, முதலிலேயே போடவில்லை.

இணைப்புகளின் கதையும் அதுதான். மழை பெய்த மறுநாள், அடித்தளம் காயும் முன்பே பசை தடவி ஒட்டினார்கள். ஈரத்தில் அது சரியாகப் பிடிக்காது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம்.

10 ஆண்டு உத்தரவாதத்தைக் காட்டிக் கேட்டபோது, "பராமரிப்புப் பதிவேடு எங்கே?" என்று கேட்டார், பராமரிப்பே வேண்டாம் என்ற அதே மனிதர். தாளைத் திருப்பிப் பார்த்தால் நிறம் மங்குவதற்கு மட்டுமே பொறுப்பு. தேய்மானமும் இணைப்பும் அதில் சேரவில்லை.

நீங்கள் போடுவதாக இருந்தால், கடைசித் தவணைக்கு முன் கோல் முனை, நடுவட்டம், மூலைகள் எல்லாவற்றிலும் துகளின் ஆழத்தை அளந்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். இழையின் புற ஊதாச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். பராமரிப்பில் என்னென்ன, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை எழுத்தில் வாங்குங்கள். "வேண்டாம்" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது வாரந்தோறும் நாங்களே இழையின் சாய்வுக்கு எதிராகத் துலக்கி, ஓரத்தில் ஒதுங்கிய துகளைத் திரும்பப் பரப்புகிறோம். கோல் முன்பகுதிகளை வெட்டி எடுத்துத்தான் மாற்ற வேண்டும். அதுவரை அங்கே கயிறு கட்டியிருக்கிறோம். பிள்ளைகள் பாதி மைதானத்தில் ஆடுகிறார்கள்.