எஸ்பெராண்டோவா, க்ளிங்கானா?

மதுரையில் இருந்துகொண்டு பொழுதுபோக்காக ஒரு செயற்கை மொழி, அதாவது ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி, கற்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது எஸ்பெராண்டோவைத்தான். ஆனால் ஆளை இழுப்பது க்ளிங்கான்.

கண் மருத்துவர் சமென்ஹோஃப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோவில் 28 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஒரே ஒலி. படிக்கிறபடியே எழுதலாம். நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். ரொட்டியும் ‘பானோ’, குளியலும் ‘பானோ’. முதலாவதில் ‘படம்’ போல ப, அடுத்ததில் ‘பஸ்’ போல. தமிழில் குறிப்பெடுத்தால் ரொட்டிக்குள் குளிக்க வேண்டியதுதான்! ரோமன் எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள். செயப்படுபொருளுக்கு ‘ன்’ சேர்ந்துவிடும், நம் ‘ஐ’ மாதிரி. அதனால் சொற்களை முன்பின் மாற்றினாலும் பொருள் கெடாது.

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைப் படங்களுக்காக மொழியியலாளர் மார்க் ஒக்ராண்ட் உருவாக்கிய க்ளிங்கானில் எழுத்துமுறையே மிரட்டும். ரோமன் எழுத்தில் சின்ன ‘க்யூ’ (q) ஓர் ஒலி, பெரிய ‘க்யூ’ (Q) இன்னோர் ஒலி, இரண்டும் அடித்தொண்டையிலிருந்து. நாக்கை மடிக்கும் ட, ஷ ஒலிகள் மட்டும் நமக்குச் சுலபம். செயப்படுபொருள், வினை, கடைசியில் எழுவாய் என்பது வரிசை. சரி, “பரோட்டா தின்னான் தம்பி” என்று கீழவாசலில் சொன்னால் யாருக்குப் புரியாது? பன்மையில்தான் சுவாரசியம்: பேசத் தெரிந்தவர்களுக்கு ஒரு விகுதி, உடலுறுப்புகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று. உயர்திணை, அஃறிணை படித்தவர்களுக்கு இது பழைய பாடம். அப்புறம், காலம் காட்டும் விகுதியே கிடையாது. நேற்று, நாளை என்று தனியே சொல்ல வேண்டும்.

இரண்டுக்கும் டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியில் பாடம் உண்டு, ஆங்கில வழியில்.