குளிர்காலத் துருக்கி: முழு வட்டமா, பாதி விமானமா, மேற்குக் கரை மட்டுமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்தோடு துருக்கிக்குச் சென்றுவர நினைப்போருக்குப் பயண நிறுவனங்கள் காட்டும் திட்டங்கள், பெயரும் விலையும் எப்படி மாறினாலும், பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன. இஸ்தான்புல்லில் பேருந்தில் ஏறி, அங்காரா, கப்படோக்கியா, கோன்யா, பாமுக்கலே, எபேசு என்று சுற்றிவிட்டு அதே பேருந்தில் இஸ்தான்புல்லுக்குத் திரும்புவது முதல் வகை. இஸ்தான்புல்லிலிருந்து கப்படோக்கியாவுக்கு அருகிலுள்ள கைசேரிக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து எபேசு வரை பேருந்தில் வந்து, இஸ்மிரிலிருந்து மீண்டும் விமானம் ஏறுவது இரண்டாம் வகை. நடு அனத்தோலியா என்னும் உள்நாட்டுப் பீடபூமியை அறவே விட்டுவிட்டு, புர்சா, பெர்காமா, எபேசு, பாமுக்கலே ஆகிய மேற்குப் பகுதிகளோடு நிறுத்திக்கொள்வது மூன்றாம் வகை. ஒப்பிடும் வசதிக்காக மூன்றையும் எட்டு இரவுத் திட்டங்களாகவே எடுத்துக்கொள்கிறேன்.

விளம்பரத் தாள்கள் ஊர்களின் எண்ணிக்கையை முன்னிறுத்துகின்றன. குளிர்காலத்தில் எண்ண வேண்டியது பகல் வெளிச்சத்தைத்தான். டிசம்பர் இறுதியில் அந்நாட்டின் பகல் ஒன்பதேகால் மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. 2016 முதல் துருக்கி குளிர்காலத்திலும் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளாமல் கோடைகால நேரத்தையே ஆண்டு முழுவதும் கடைப்பிடிப்பதால், இஸ்தான்புல்லில் சூரியன் உதிக்கும்போது மணி எட்டரையை நெருங்கிவிடுகிறது; மாலை ஐந்தே முக்கால் மணிக்குள் மறைந்தும் விடுகிறது. காலை ஏழு மணிக்குப் புறப்படுவதாக அச்சிடப்பட்ட பேருந்து நள்ளிரவு போன்ற இருட்டில்தான் புறப்படும் என்பதும், தொல்லியல் இடங்கள் பலவும் குளிர்கால நேரப்படி முன்னதாகவே மூடப்படும் என்பதும் அந்தத் தாளில் இருப்பதில்லை.

முழு வட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். இஸ்தான்புல்லிலிருந்து அங்காரா சுமார் 450 கிலோமீட்டர். அங்கிருந்து கப்படோக்கியாவின் கொரேமே 300. பிறகு கோன்யா 230. கோன்யாவிலிருந்து பாமுக்கலே 400. அங்கிருந்து எபேசு இடிபாடுகளை ஒட்டிய செல்சுக் 190. திரும்பி இஸ்தான்புல் வர ஏறத்தாழ 550. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்தத் தொலைவைக் கடக்க முப்பது மணி நேரத்துக்கு அருகில் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். வெளிச்சமுள்ள நேரத்தில் மட்டும் ஓட்டினால் மூன்று முழுப் பகல்கள் சன்னலோரத்திலேயே கழிந்துவிடும். இருட்டில் ஓட்டிப் பகலை மிச்சப்படுத்தலாமே என்று கேட்கலாம். ஓட்டுநர் ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற விதி இருப்பதையும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் கிடக்கும் பீடபூமியில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கிச் சாலையில் பனி உறைந்துவிடும் என்பதையும் ஒதுக்கி வைத்தாலும், நிலத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்ற ஒரே காரணத்துக்காகப் பேருந்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதையும் இழந்தால் பிறகு பேருந்து எதற்கு?

ஆனாலும் இந்த வட்டத்துக்கு மட்டுமே உரிய ஓர் ஊர் இருக்கிறது: அங்காரா. அங்குள்ள அனத்தோலிய நாகரிகங்களின் அருங்காட்சியகம், கோன்யாவுக்கு அருகிலுள்ள சாத்தல்ஹூயூக் என்ற புதிய கற்காலக் குடியிருப்பில் கிடைத்த பொருள்களையும், ஹிட்டைட்டுப் பேரரசின் சிற்பங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது. கிரேக்க, உரோமானிய இடிபாடுகளை மட்டும் பார்த்துவிட்டு வருவோர், அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த மண்ணில் எழுந்த அரசுகளைப் பற்றி எதுவும் அறியாமலேயே திரும்பிவிடுகிறார்கள். வரலாற்றில் உண்மையான ஈடுபாடுள்ள குடும்பத்துக்கு இது பெரிய இழப்புதான். எனினும், பெரும்பாலான எட்டு இரவுத் திட்டங்கள் அங்காராவுக்கு ஒதுக்குவது ஓர் இரவுத் தங்கலும், துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க்கின் நினைவிடத்தில் ஒரு மணி நேரமும் மட்டுமே. அருங்காட்சியகத்தின் பெயர் நிகழ்ச்சி நிரலில் எழுத்தில் இல்லையென்றால், இந்த வட்டத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான முதன்மைக் காரணமே இல்லாமற் போகிறது.

சில நிறுவனங்கள் திரும்பும் வழியில் ஹோமரின் காவியத்தில் வரும் திராய் நகரையும் சேர்க்கின்றன. அந்த வழியிலுள்ள தார்தனெல்ஸ் நீரிணையின் மேல் 2022இல் திறக்கப்பட்ட சனக்கலே 1915 பாலம், 2,023 மீட்டர் நடு இடைவெளியோடு, தொங்கு பாலங்களில் உலகிலேயே நீளமான இடைவெளி கொண்டதாகத் திறக்கப்பட்டது. படகுக்குக் காத்திருக்கும் நேரம் அதனால் மிச்சமாகிறது. ஆனால் செல்சுக்கிலிருந்து காலையில் புறப்படும் பேருந்து மாலை நேரத்தில்தான் அங்கே வந்து சேரும். அடுக்கடுக்காகப் புதைந்த ஒன்பது நகரங்களின் சுவர்களை மங்கிய ஒளியில் யாரும் பிரித்தறியப் போவதில்லை; பிள்ளைகள் வாசலில் நிற்கும் மரக்குதிரையோடு படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் வகையில் பேருந்துத் தொலைவு ஆயிரம் கிலோமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. இருந்தாலும் விளம்பரம் சொல்லும் அளவுக்கு நேரம் மிஞ்சாது. ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரப் பறத்தலுக்கு முன்னும் பின்னுமாக இஸ்தான்புல் போக்குவரத்து நெரிசல், சோதனை வரிசை, பெட்டிகளுக்கான காத்திருப்பு ஆகியவற்றைச் சேர்த்தால், ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கைந்து மணி நேரம் போய்விடும். உண்மையான இலாபம் வேறிடத்தில் இருக்கிறது: இந்த விமானங்களை மாலையிலோ இரவிலோ அமைத்துக்கொள்ளலாம், பகல் தப்பிவிடும். அந்தப் பகல்களைக் கப்படோக்கியாவுக்குக் கொடுத்து அங்கே இரண்டு இரவாவது தங்கும் திட்டத்தைத்தான் நான் மேலானதாகக் கருதுகிறேன். வெப்பக்காற்றுப் பலூன்கள் பறக்க விமானப் போக்குவரத்துத் துறை அன்றன்று காலையில் காற்றைப் பார்த்தே அனுமதி தருகிறது. குளிர்காலத்தில் அது மறுக்கப்படும் நாள்கள் மிகுதி. ஓர் இரவு மட்டும் தங்குவோருக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. கோடையில் நான்கு மணிக்கே எழ வேண்டியிருக்கும் இந்தப் பயணத்துக்கு, சூரியன் தாமதமாக உதிக்கும் டிசம்பரில் சற்று நிதானமாகவே புறப்படலாம் என்பது பிள்ளைகளோடு செல்வோருக்கு ஓர் ஆறுதல். பொதுவாக ஆறு வயதுக்குட்பட்டவர்களை ஏற்றுவதில்லை என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தெரிங்குயு நிலத்தடி நகரம் குளிர்காலத்துக்கென்றே அமைந்தது போன்ற இடம். சுமார் 85 மீட்டர் ஆழம் வரை குடையப்பட்ட அதனுள்ளே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 13 பாகை வெப்பம் நிலவுவதால், மேலே பனி பெய்யும் நாளில் கீழே இதமாகவே இருக்கும். ஆயினும் முதுகை வளைத்துச் செல்ல வேண்டிய குறுகிய சுரங்கப்படிகள் முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டியருக்கு ஏற்றவையல்ல. கொரேமே திறந்தவெளி அருங்காட்சியகத்தின் பாறைக் கோயில்கள் அவர்களுக்கு எளிது; வெளிச்சம் குறைவாகப் புகுந்ததாலேயே வண்ணம் மங்காமல் தப்பிய ஓவியங்களைக் கொண்ட இருட்டுத் தேவாலயத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு.

கோன்யாவுக்குப் போகும் வழியிலுள்ள சுல்தான்ஹானி, 1229இல் செல்ஜுக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் கட்டிய வணிகர் சத்திரம். ஒட்டகங்கள் ஒரு நாளில் நடக்கக்கூடிய தொலைவைக் கணக்கிட்டு இத்தகைய சத்திரங்களை எழுப்பியவர்கள், இன்றைய பயண அமைப்பாளர்களைவிடப் பயணியின் களைப்பை நன்றாக அறிந்திருந்தார்கள். கோன்யாவிலேயே ஒரு பொருத்தத்தையும் பார்க்க வேண்டும்: 1273 டிசம்பர் 17 அன்று அங்கே மறைந்த சூஃபிக் கவிஞர் மௌலானா ரூமியின் நினைவு விழா ஆண்டுதோறும் டிசம்பர் 7 முதல் 17 வரை நடைபெறுவதால், சுழல் நடனத்தை அதன் உரிய இடத்தில் காண விரும்புவோர் அந்த நாள்களிலும், அமைதியாகக் கல்லறையைக் காண விரும்புவோர் அதற்குப் பிறகும் செல்வது நல்லது. கோன்யாவிலிருந்து பாமுக்கலே வரையான 400 கிலோமீட்டரை மட்டும் இரண்டாம் வகையாலும் தவிர்க்க முடிவதில்லை.

மூன்றாம் வகையை ஏழைகளின் துருக்கி என்று ஒதுக்கத் தேவையில்லை. தாழ்வான ஏஜியன் கரையில் சனவரியிலும் இஸ்மிரின் சராசரி வெப்பம் ஒன்பது பாகையை ஒட்டியிருக்கும், நெடுந்தொலைவுகள் குறைவு, பெர்காமாவின் மலைக்கோட்டைக்குக் கம்பி ஊர்தி உண்டு, பனி பார்க்கத் துடிக்கும் பிள்ளைகளுக்குப் புர்சாவின் உலுதா மலை போதும். கிறித்தவக் குடும்பங்களுக்கு இதில் தனிப் பொருளே இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் தமிழ் வேதாகமம் பெயர் சொல்லும் எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழு சபைகளின் ஊர்களும் இந்தப் பகுதியிலேயே உள்ளன. லவோதிக்கேயா பாமுக்கலேக்கு மிக அருகில் கிடந்தும் பல பேருந்துகள் நிற்காமல் கடந்துவிடுகின்றன. குறை என்று சொன்னால் மழைதான். ஏஜியன் கரையின் மழைக்காலமே குளிர்காலம். எபேசில் மேல் வாயிலிலிருந்து செல்சஸ் நூலகம் நோக்கி இறங்கும் சலவைக்கல் தெரு நனைந்தால் வழுக்கும்; பாமுக்கலேயின் வெண்சுண்ணத் தளங்களில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும், ஊற்று நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் நீர் ஓடாத இடங்களில் பாதம் மரத்துப்போகும்.

மூன்றுக்கும் பொதுவானவை சில. கம்பளம், தோலாடை, இனிப்புக் கடைகளில் கட்டாய நிறுத்தங்கள் எத்தனை என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். விலை மிகக் குறைந்த திட்டங்களில் அவையே பகலின் சிறந்த பகுதியைத் தின்றுவிடும். இஸ்தான்புல்லில் செவ்வாய்க்கிழமை தோப்காபி அரண்மனையும், ஞாயிற்றுக்கிழமை பெரிய சந்தையும் மூடியிருக்கும். சைவ உணவினர், பருப்புச் சூப் எலும்புச் சாற்றில் செய்யப்பட்டதா என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டியிருக்கும்.

மூன்று தலைமுறையும் சேர்ந்து செல்லும் குடும்பத்துக்கு இரண்டாம் வகையையே பரிந்துரைப்பேன். நீண்ட நேரம் அமர முடியாத முதியவரோ ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையோ உடன் இருந்தால் மூன்றாம் வகையே பொருந்தும். முழு வட்டம் பத்து இரவுகளுக்குக் குறையாமலும், அவற்றில் இரண்டு அங்காராவிலும் இரண்டு கப்படோக்கியாவிலும் அமையுமானால் மட்டுமே பணத்துக்குத் தகும். அதிலும் எபேசிலிருந்து இஸ்தான்புல்லுக்குத் திரும்பும் கடைசி நெடும்பயணத்தை விமானமாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.