சீனக்குடாவிலிருந்து வாடகைச் செஸ்னா: ஒரு சேவை மதிப்பீடு

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு வீதியால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வாகனத்தில் ஆறு மணித்தியாலம் பிடிக்கும். இரவு ரயில் அதைவிடக் கூடுதலான நேரம் எடுக்கும். இந்தத் தூரத்தை ஒன்றேகால் மணித்தியாலத்தில் கடந்துவிடும் வாடகைச் சிறுவிமானச் சேவையொன்றை, கொழும்பை அடுத்த இரத்மலானையைத் தளமாகக் கொண்ட நிறுவனம் ஒன்று நடத்துகிறது. ஒற்றை இயந்திரமும் நான்கு இருக்கைகளும் கொண்ட பழைய செஸ்னா 172 ஒன்று திருகோணமலையை அடுத்த சீனக்குடா விமான நிலையத்துக்கு வந்து ஏற்றிச் செல்லும். கட்டணம் ஆள்வாரியாக இல்லாமல் முழு விமானத்துக்கும் சேர்த்தே அறவிடப்படுகிறது. மாமாவும் மாமியும் நானுமாக மூவர் அதில் பயணித்தோம். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். விமானிக்கு முழுப் புள்ளி, முன்பதிவு அலுவலகத்துக்குப் பாதி, பின் இருக்கைக்கு அதிலும் குறைவு என்பதே என் தீர்ப்பு.

போய் வந்ததும் எல்லோரும் கேட்ட முதற் கேள்வி, பயமில்லையா என்பதுதான். எங்கள் ஊரில் அது வீண் கேள்வி ஆகாது. 2023 ஆகஸ்ட் 7 அன்று விமானப்படையின் பிடி-6 பயிற்சி விமானம் சீனக்குடாவில் விழுந்து இருவர் உயிரிழந்தனர். 2020 டிசம்பர் 15 அன்று இங்கிருந்து கிளம்பிய அதே வகை விமானம் கந்தளாய்ப் பக்கம் விழுந்து பயிற்சி விமானி ஒருவர் இறந்தார். அவை படைப் பயிற்சிப் பறப்புகள். வாடகைப் பறப்பை அவற்றோடு ஒரே தராசில் வைக்க முடியாது. ஆயினும் சிறுவிமானம் பெரிய விமானத்தைப் போலப் பாதுகாப்பானது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். தனியார் சிறுவிமானங்கள் மிக அதிகமாகப் பறக்கும் அமெரிக்காவில், ஒரு இலட்சம் பறப்பு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில் உயிர்ப்பலி விபத்து நேர்கிறது. பயணிகள் சேவை நடத்தும் பெரிய விமானங்களின் அளவோ இதைவிடப் பன்மடங்கு குறைவு. ஒரு மணித்தியாலப் பயணத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் மோட்டார் சைக்கிளில் போவதற்கு ஒப்பான ஆபத்து என்று விமானிகளே சொல்வதுண்டு.

அந்த விபத்துகளின் காரணங்களைப் பார்த்தால்தான் ஒரு சேவையை எப்படி மதிப்பிடுவது என்பது விளங்குகிறது. இயந்திரம் நடுவானில் நின்றுபோவதையே நாம் கற்பனை செய்து அஞ்சுகிறோம். உண்மையில் விபத்துகளில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு விமானியின் செயலோ முடிவோதான் காரணமாகக் காணப்படுகிறது. மிகை எடை, போதாத எரிபொருள், பார்வை தெரியாத வானிலைக்குள் நுழைதல், தாழ்வாகவும் மெதுவாகவும் திரும்பும்போது கட்டுப்பாட்டை இழத்தல் ஆகியவை ஆண்டுதோறும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே விமானத்தின் வர்ணம் மங்கியிருந்ததா, இருக்கைத் தோல் கிழிந்திருந்ததா என்பதை விட்டுவிட்டு, இவர்கள் எதைச் சோதிக்கிறார்கள், எதற்கு மறுப்புச் சொல்கிறார்கள் என்பதையே கவனித்தேன்.

முதல் மறுப்பு தயிருக்கு விழுந்தது. கொழும்பு உறவினர்களுக்கென்று மாமா மூதூர் எருமைத் தயிர்ச் சட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். விமானி ஒரு சிறிய தராசை எடுத்து வைத்து, பொதிகளை மட்டுமன்றி எங்கள் மூவரையும் நிறுத்தார். மாமிக்கு அது பிடிக்கவில்லை. பின் தாளில் கணக்குப் போட்டுவிட்டு, “ஐயா, தயிரை விட்டிட்டுப் போறதோ, பெற்றோலைக் குறைக்கிறதோ? பெற்றோலைக் குறைக்க நான் வரமாட்டன்” என்றார். நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேரும் பொதியும் முழு எரிபொருளும் ஒன்றாக ஏறலாம் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலான செஸ்னா 172 களில் அந்தக் கணக்குப் பொருந்தாது. எடையின் அளவு மட்டுமல்லாமல் அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்: பின்புறம் பாரம் கூடினால் மூக்கு மேலெழும், அதைக் கீழிறக்க விமானிக்குப் பிடி போதாமற் போகும். 2001 ஆகஸ்டில் பஹாமாஸில் அமெரிக்கப் பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேரைப் பலிகொண்ட செஸ்னா 402 அவ்வாறே அளவுக்கு மீறிய எடையோடும் பின்தள்ளிய பாரத்தோடும் கிளம்பி, உடனேயே விழுந்தது. திருகோணமலை வெயிலில் இது இன்னும் கடுமை பெறுகிறது. சூடான காற்று ஐதானது, இறக்கைக்கும் இயந்திரத்துக்கும் அதில் வலு குறையும். தயிர்ச் சட்டிகளில் பாதி ஓட்டோவில் வீடு திரும்பின.

அடுத்து, இறக்கைகளின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எரிபொருளை வடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். விமானப் பெற்றோல் இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் நிறமற்று அடியில் குமிழாகத் தங்கும் என்று எனக்கும் காட்டினார். பிறகு இறக்கையின் மட்டத்துக்கு ஏறி, எரிபொருள் தாங்கியின் மூடியைத் திறந்து கோலை விட்டு அளந்தார். உள்ளே எரிபொருள் காட்டி இருக்கும்போது எதற்கு இது என்று மாமா கேட்டதற்கு, பழைய சிறுவிமானங்களின் காட்டியை நம்புவதில்லை என்பதே பதில். எரிபொருள் தீர்ந்தோ, ஒரு தாங்கியில் மிச்சம் இருந்தும் அது இயந்திரத்துக்குப் போய்ச் சேராமலோ விழுந்த விமானங்களின் கதை நீண்டது. பாடகர் ஜோன் டென்வர் 1997 அக்டோபரில் கலிபோர்னியாக் கடலில் விழுந்து இறந்த விமானத்தில், தாங்கி மாற்றும் பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னே பொருத்தப்பட்டிருந்தது; அதைத் திருப்ப முயன்றபோது கட்டுப்பாடு கைவிட்டுப் போனது. செஸ்னா 172 இல் அந்தப் பிடியை இரு தாங்கிகளுக்கும் பொதுவான நிலையில் வைத்துவிடலாம் என்பது அதன் நல்ல குணங்களில் ஒன்று. 1950களின் நடுப்பகுதியிலிருந்து 44,000க்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்ட இந்த விமானம், சிறுவிமானங்களுள் விபத்துப் பதிவு நன்றாக உள்ளவற்றில் சேர்கிறது.

ஓடுபாதைக்குத் திரும்புமுன் இயந்திரத்தை வேகமாக ஓடவிட்டு, அதற்குத் தீப்பொறி கொடுக்கும் இரண்டு மக்னீற்றோக்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். பிறகு, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றருக்குச் சூடான காற்றை அனுப்பும் குமிழை இழுத்தார். இந்த வெப்பத்தில் பனிக்கட்டியா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் காபுரேற்றரின் குறுகிய கழுத்தில் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பநிலை 20 பாகைக்கும் மேல் தணியக்கூடும். ஈரப்பதம் மிகுந்த கரையோரக் காற்றில், வெளியே 25 பாகை இருக்கும் நாளிலும் உள்ளே பனி படிந்து இயந்திரத்தை அடைத்துவிடலாம். வேகத்தைக் குறைத்து இறங்கும் நேரமே இதற்கு மோசமான நேரம். இரத்மலானையில் இறங்கத் தொடங்கியதும் அந்தக் குமிழை அவர் மறுபடி இழுத்ததைப் பின்னாலிருந்து கண்டேன்.

இனி வானிலை. காலை ஏழரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. சீனக்குடாவில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஆனால் வழியில் குருநாகல் பக்கம் தாழ்முகிலும் மழையும் என்று தகவல் வந்ததால் விமானி புறப்பட மறுத்தார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடந்தார், பிறகு கொழும்பில் காத்திருப்பவர்களுக்குத் தொலைபேசி எடுத்தார், பிறகு “இஞ்ச வெயில் எறிக்குது தம்பி” என்று நேரடியாகவே சொன்னார். விமானி தேநீர் குடித்தபடி, “அங்க எறிக்கட்டும் ஐயா, போவம்” என்றார். பத்து மணி தாண்டித்தான் கிளம்பினோம்.

இந்தப் பொறுமைக்காகவே நான் இந்தச் சேவையைப் பரிந்துரைக்கிறேன். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத விமானி முகிலுக்குள் புகுந்தால், மேல் எது கீழ் எது என்பதை அவருடைய உடலே அவருக்குப் பொய்யாகச் சொல்லத் தொடங்கும். 1954 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் அத்தகைய 20 பேரை வைத்துச் சோதித்தபோது, ஒருவர் விடாமல் அனைவரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு எடுத்த சராசரி நேரம் 178 வினாடி. 1999 ஜூலை 16 இரவு, கடலும் வானமும் பிரித்தறிய முடியாத பனிப்புகாரில் ஜோன் எப். கென்னடியின் மகன் ஓட்டிய பைபர் விமானம் மூவரோடு கடலில் பாய்ந்ததும் இந்த மயக்கத்தால்தான். அந்த விமானத்தில் பழுது எதுவும் காணப்படவில்லை. 2001 செப்டம்பரில் இந்திய அரசியல்வாதி மாதவராவ் சிந்தியா சென்ற தனியார் விமானமும் மோசமான வானிலையிலேயே உத்தரப் பிரதேசத்தில் விழுந்தது. இவ்வகை விபத்துகளில் பலவற்றின் பின்னால் ஒரு கூட்டமோ, ஒரு கலியாணமோ, காத்திருக்கும் ஓர் ஆளோ இருப்பதுண்டு.

இங்கேதான் அலுவலகம் புள்ளியை இழக்கிறது. தொலைபேசியில் பதிவு செய்தபோது பேசியவர், “எந்த வானிலையிலும் நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவோம்” என்று உறுதியளித்தார். விமானி காக்கும் எல்லையை விற்பனையாளர் முன்கூட்டியே விற்றுவிட்டால், அந்தச் சுமையைக் காலையில் ஓடுபாதையோரம் சுமப்பவர் விமானிதான். ஆயினும் பற்றுச்சீட்டின் பின்புறம், வானிலையால் பறப்பு நின்றால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்று அச்சிடப்பட்டிருப்பதைச் சொல்லியாக வேண்டும். எந்த நிறுவனத்திடமும் இந்த ஒரு வரியை முதலில் தேடுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை விமானச் சேவை நடத்துவோருக்கு வழங்கும் சான்றிதழைக் கேட்டபோது தயங்காமல் பிரதி காட்டினார்கள்.

கிளம்பியதும் மாமா, கோணேசர் கோயிலைத் தாழ்வாக ஒருக்காச் சுற்றிக் காட்டச் சொன்னார். படைத்தளங்கள் சூழ்ந்த இடம், அனுமதி பெற்ற உயரத்துக்குக் கீழே போக முடியாது என்று விமானி சொல்லி, உயரத்திலேயே இறக்கையை மெல்லச் சாய்த்து ஓர் அகன்ற வட்டம் மட்டும் போட்டார். சுவாமிமலைப் பாறையும் கடலும் அதிலேயே நன்றாகத் தெரிந்தன. இறக்கையை 60 பாகை சாய்த்துத் திரும்பினால் விமானம் தன் எடையின் இருமடங்கைத் தாங்க வேண்டும். தூக்குவிசை அறுந்துபோகும் வேகமும் 41 சதவீதம் கூடிவிடும். தாழ்வில் அது நேர்ந்தால் மீள உயரம் இருக்காது. 1980 ஜூன் 23 அன்று தில்லியில் சஞ்சய் காந்தி ஓட்டிய பிட்ஸ் விமானம் விழுந்தது இயந்திரக் கோளாறால் அல்ல. குடியிருப்புகளுக்கு மேலே தாழ்வாக வித்தை காட்டும்போதுதான்.

பின் இருக்கைக்கு வருகிறேன். அங்கே இடுப்புப் பட்டி மட்டுமே இருந்தது, தோள் பட்டி இல்லை. இது சட்டமீறல் ஆகாது: அமெரிக்க விதிகளின்படி, புதிதாகத் தயாரிக்கப்படும் இவ்வகை விமானங்களின் முன் இருக்கைகளுக்குத் தோள் பட்டி கட்டாயமானது 1978 இல், எல்லா இருக்கைகளுக்கும் 1986 இல், இந்த விமானம் அதற்கு முந்தியது. ஆனால் பிற்காலத்தில் பொருத்திக்கொள்ள வழியுண்டு. அவசரத் தரையிறக்கத்தில் உயிர் தப்புவதையும் தலை உடைவதையும் பிரிப்பது பல வேளைகளில் அந்தப் பட்டிதான் என்பதால், வாடகைக்கு விடும் நிறுவனம் அந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொரு குறை உயிர்காப்பு அங்கிகள். சீனக்குடா ஓடுபாதையின் ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் உட்துறைமுகம். கிளம்பிய கணத்தில் இயந்திரம் நின்றால் திரும்பி வர முயலாமல் நேர்முன்னே இறக்குவதே முறை, இங்கு நேர்முன்னே இருப்பது பெரும்பாலும் தண்ணீர். அங்கிகளோ பொதியறையில், மிஞ்சிய தயிருக்குக் கீழே கிடந்தன. கேட்ட பிறகே எடுத்துத் தந்தார்கள். கதவை எப்படித் திறப்பது என்று மாமிக்குக் காட்டியதும் நான் கேட்ட பிறகுதான்.

மே முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று ஓடுபாதையின் நீளவாக்கிலேயே பெரும்பாலும் வீசுவதால் இறங்குவதற்கு இடைஞ்சல் குறைவு. ஆனால் நடுப்பகலில் விமானம் குலுங்கும், வாந்திப் பை தேவைப்படும். வாடைக்கால மழை மாதங்களில் இந்தச் சேவையை நம்பி மறுநாள் கட்டுநாயக்கவில் விமானம் பிடிக்கத் திட்டமிட வேண்டாம். குறைந்தது ஒருநாள் இடைவெளி விடுங்கள். பதிவு செய்யும்போது காலை நேரத்தையே கேளுங்கள், உங்கள் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், மூவர் போவதானால் பாரமானவரை முன்னே இருத்தச் சொல்லுங்கள்.