6–7 (ஆறு வெற்றி, ஏழு தோல்வி) வந்தால் யார் பொறுப்பார்கள்? முதல்முறை ஹெட் கோச்சுக்கு எந்த வேலை நல்லது

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்குள் (உருண்டைப் பந்து இல்லை, நீள்வட்டப் பந்து) வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் ஒரே சண்டைதான். ஏதாவது ஒரு பெரிய பல்கலைக்கழகம் கோச்சை அனுப்பியிருக்கும். உடனே ஒரு கட்சி, "எங்கேயாவது ஹெட் கோச்சாக இருந்து பழகியவனைக் கொண்டு வா" என்று கத்தும். இன்னொரு கட்சி, "அலபாமாவிலோ ஜார்ஜியாவிலோ கோஆர்டினேட்டராக இருக்கிற சூட்டிகையான ஆளைத் தூக்கி வா, கிர்பி ஸ்மார்ட் அப்படி வந்தவர்தானே" என்று பதில் சொல்லும். கோஆர்டினேட்டர் என்றால் தாக்குதல், தற்காப்பு என்று ஒரு பாதியை மட்டும் நடத்துகிற உதவிக் கோச்; ஸ்மார்ட் அலபாமாவில் அப்படி இருந்து ஜார்ஜியாவின் ஹெட் கோச்சானவர். எல்லோரும் பள்ளியின் (அங்கே பல்கலைக்கழகத்தையும் பள்ளி என்றுதான் சொல்வார்கள்) பக்கமிருந்தே பேசுகிறார்கள். வேலைக்குப் போகிற அந்த ஆளின் பக்கமிருந்து, அதாவது இதுவரை ஒரு நாள்கூட ஹெட் கோச் நாற்காலியில் உட்காராதவனுக்கு எந்த வாசல் நல்லது, எங்கே வேலை நிலைக்கும் என்று பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

வாசல்கள் மூன்று. நேரே பெரிய பள்ளிக்குப் போவது. சின்னப் பள்ளியில் ஹெட் கோச்சாகத் தொடங்கி ஏறுவது. மேலே இருக்கிறவர் கிளம்பும்போது இருக்கிற இடத்திலேயே நாற்காலியைப் பிடிப்பது. நான்காவதாக, ஹெட் கோச்சே ஆகாமல் இருப்பது என்றும் ஒன்று உண்டு, அதை யாரும் எண்ணுவதில்லை.

முதலில் நேரே போகிற வாசல். இதற்கு இரண்டு பள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்: ஃப்ளோரிடா, ஓக்லஹோமா.

ஓக்லஹோமாவில் ஜோ காஸ்டிக்லியோனி 1998-இலிருந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தவர். அவர் நியமித்த ஃபுட்பால் ஹெட் கோச்சுகள் மூன்றே பேர், மூவருக்குமே அதுதான் முதல் ஹெட் கோச் வேலை. பாப் ஸ்டூப்ஸ், ஃப்ளோரிடாவில் தற்காப்பு கோஆர்டினேட்டராக இருந்தவர், 1999-இல் 7–5 எடுத்தார் (வெற்றி முதலில், தோல்வி அடுத்து), மறு வருஷம் 13–0, தேசியப் பட்டம். 2017 ஜூனில் அவராகவே விலகினார். உடனே 33 வயது லிங்கன் ரைலி, முதல் மூன்று சீசனிலும் பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று). அவர் 2021 கடைசியில் யூஎஸ்சி-க்குப் (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போனதும் பிரென்ட் வெனபிள்ஸ். இவர்தான் கதைக்கு முக்கியம், ஏனென்றால் 2022-இல் 6–7, 2023-இல் 10–3, 2024-இல் மறுபடி 6–7. ஓக்லஹோமா மாதிரி இடத்தில் மூன்று வருஷத்தில் இரண்டு முறை தோல்வி சீசன் என்றால் பெட்டியைக் கட்டிவிட்டிருப்பார்கள் என்றுதான் நினைப்போம். கட்டவில்லை. 2025-இல் தற்காப்பு ஆட்டத்தை அவரே நேரடியாக நடத்தினார், 10–2, பிளேஆஃப்.

ஃப்ளோரிடாவுக்கு வருவோம். 2002 தொடக்கத்தில் ஹெட் கோச் ஸ்டீவ் ஸ்பரியர் விலகியதும் முதலில் கூப்பிட்டுப் பார்த்தது இதே ஸ்டூப்ஸைத்தான். அவர் வரவில்லை. பிறகு ரான் ஸூக், கல்லூரியில் ஹெட் கோச் அனுபவம் கிடையாது. வேலைக்கு எடுத்த சூட்டிலேயே அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி ஒருவர் இணையத்தில் தளமே தொடங்கிவிட்டார், குருவி தலையில் பனங்காய் என்பது அவர் விஷயத்தில் கொஞ்சமும் மிகையில்லை. 8–5, 8–5, மூன்றாவது சீசனில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் தோற்றதும் அக்டோபரிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள். மொத்தக் கணக்கு 23–14, ஒரு தோல்வி சீசன்கூட இல்லை. இதில் எனக்கு இன்றும் உறுத்துவது, 2006-இல் ஃப்ளோரிடா பட்டம் வென்றபோது குவார்ட்டர்பேக் (பந்து வீசி ஆட்டத்தை நடத்துகிற வீரர்) கிறிஸ் லீக் உட்பட அந்த அணியின் முதுகெலும்பு ஸூக் சேர்த்த பையன்கள். தண்ணீர் ஊற்றினவர் ஒருவர், இளநீர் குடித்தவர் அடுத்து வந்த அர்பன் மேயர்.

2011-இல் மறுபடி ஒரு முதல்முறை ஆள், வில் மஸ்சாம்ப். 7–6, அப்புறம் 11–2, அப்புறம் 4–8. அந்த 4–8-இல் ஒரு தட்டு கீழே ஆடுகிற ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் 26–20 தோல்வியும் அடக்கம், அதை யாரும் மன்னிக்க மாட்டார்கள், நானும் கேட்கவில்லை. 2014 நவம்பரில் முடிந்தது, 28–21.

சரி, முதல்முறை ஆட்களால்தான் பிரச்சினை என்று பாடம் கற்றுக்கொண்ட ஃப்ளோரிடா, அடுத்து அனுபவஸ்தர்களை எடுத்தது. கொலராடோ ஸ்டேட்டில் ஹெட் கோச்சாக இருந்த ஜிம் மெக்எல்வெய்ன், முதல் இரண்டு வருஷமும் எஸ்ஈசி (ஃப்ளோரிடா ஆடும் லீக்) கிழக்குப் பிரிவில் முதலிடம், மூன்றாம் வருஷம் பாதியில் வெளியே. மிசிசிப்பி ஸ்டேட்டிலிருந்து டான் மல்லன், 2018-இல் 10–3, 2019-இல் 11–2, 2020-இல் பிரிவு முதலிடம், 2021 நவம்பரில் வெளியே. லூசியானாவில் 40–12 வைத்திருந்த பில்லி நேப்பியர், ஃப்ளோரிடாவில் 22–23, 2025 அக்டோபரில் வெளியே, கையில் சுமார் 2.1 கோடி டாலர் பைஅவுட் (ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பினால் கொடுக்கிற தொகை). ஆக முதல்முறை ஆளோ பழகிய ஆளோ, பட்டம் வாங்கிய மேயரை விட்டால் அந்த வீட்டில் யாருக்கும் நாலு வருஷத்துக்கு மேல் சோறு இல்லை.

இதனால்தான் "முதல்முறை ஆளை எடுக்கலாமா" என்ற கேள்வியே கொஞ்சம் வழிதவறியது என்று சொல்கிறேன். வேலைக்குப் போகிறவன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே கடைசியாக 6–7 எடுத்தவனை என்ன செய்தீர்கள்? வெனபிள்ஸுக்கு அதற்கான பதில் முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் பத்து சீசன் வேலை பார்த்த கிளெம்சனில் அவருடைய முதலாளியே 6–7 எடுத்தவர்தான். டாபோ ஸ்வினி 2008-இல் சீசன் நடுவில் தற்காலிகமாக நாற்காலிக்கு வந்தபோது கோஆர்டினேட்டராகக்கூட இருந்ததில்லை, பந்தைப் பிடிக்கிற ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், அதற்குச் சில வருஷம் முன்பு பர்மிங்ஹாமில் ரியல் எஸ்டேட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2010-இல் 6–7. ஊரே கத்தியது. இயக்குநர் டெரி டான் பிலிப்ஸ் அசையவில்லை. மறு வருஷம் தன் லீக்கான ஏசிசி-யின் பட்டம், கூடவே ஆரஞ்சு பவுல் என்ற சீசன் கடைசி ஆட்டத்தில் வெஸ்ட் வர்ஜீனியாவிடம் 70–33 என்று ஒரு மரண அடி, அந்த அடியால்தான் தற்காப்புக்கு வெனபிள்ஸையே கூட்டி வந்தார்கள். 2016, 2018 சீசன்களில் தேசியப் பட்டம்.

ஜார்ஜியா இதற்கு நேர் எதிர், அதையும் சொல்லிவிட வேண்டும். 2015-இல் 9–3 எடுத்த மார்க் ரிக்ட்டை, அதுவும் 15 சீசன் கழித்து, அனுப்பிவிட்டுத்தான் ஸ்மார்ட்டை எடுத்தார்கள். 9 வெற்றி போதாது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிய வீடு. ஸ்மார்ட் முதல் வருஷம் 8–5, சொந்த மண்ணில் வேண்டர்பில்ட்டிடம் 17–16 தோல்வி. இரண்டாம் வருஷம் தேசிய இறுதி ஆட்டம். 2021, 2022 பட்டங்கள். ஆனால் ரிக்ட் நல்ல ஆட்களை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார், சுற்றிலும் மாநிலம் முழுக்கத் திறமையான பையன்கள், ஸ்மார்ட் அங்கேயே ஆடியவர். இரண்டாம் வருஷம் 7–6 வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்குத் தெரிந்து நல்லது எதுவும் ஆகியிருக்காது. கோஆர்டினேட்டர்கள் எல்லோரும் தன்னை ஸ்மார்ட் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள், பாதிப் பேர் மஸ்சாம்ப் ஆகித் திரும்புகிறார்கள்.

இரண்டாவது வாசல், சின்னப் பள்ளி. இதைப் பள்ளிக்கூடம் மாதிரி எல்லோரும் புகழ்வார்கள், தவறு செய்து பழக இடம் என்று. பாதி உண்மை. பிறகு அலபாமாவின் ஹெட் கோச்சான நிக் சேபன் 1990-இல் டொலிடோவில் ஒரே சீசன், 9–2. அர்பன் மேயர் பௌலிங் கிரீன், யூட்டா வழியாக வந்தார். கர்ட் சிக்னெட்டி கதை இன்னும் விசித்திரம், சேபனிடம் அலபாமாவில் நல்ல வேலையில் இருந்தவர் 2011-இல் 49 வயதில் அதை விட்டுவிட்டு இரண்டாம் நிலைக் கல்லூரி ஒன்றுக்கு ஹெட் கோச்சாகப் போனார், அங்கிருந்து ஈலோன், ஜேம்ஸ் மேடிசன், இந்தியானா. தோல்விக்கே பேர்போன இந்தியானா 2025 சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் பட்டம் வாங்கியது.

மீதிப் பாதி ஸ்காட் ஃப்ராஸ்ட். 2015-இல் 0–12 எடுத்திருந்த யூசிஎஃப்-இல் (மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) தொடங்கினார், முதல் வருஷம் 6–7, அதற்கு அங்கே கைதட்டல்! அதே எண்தான், வேறு வீடு. மறு வருஷம் 13–0. உடனே தாய்வீடான நெப்ராஸ்கா கூப்பிட்டது. அங்கே 16–31. 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் 45–42 தோற்ற மறுநாள் வெளியே. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அக்டோபர் 1 வரை காத்திருந்தால் பைஅவுட் சுமார் 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாக இறங்கியிருக்கும். மூன்று வாரம்கூடப் பொறுக்கவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கிற பெரிய எண் வேலையைக் காப்பாற்றும் என்று ஏஜென்ட்டுகள் சொல்வதை நம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். அது இறங்குகிறவனுக்கு மெத்தை, அவ்வளவுதான்.

சின்ன வாசலின் இன்னொரு சிக்கல், அங்கே பலித்த பழக்கத்தை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போவது. நேப்பியர் ஃப்ளோரிடாவிலும் ஆட்ட அழைப்பை (தாக்குதலில் அடுத்து என்ன ஆடுவது என்று ஒவ்வொரு முறையும் சொல்வது) தன் கையிலேயே வைத்திருந்தார், அதைப் பற்றி வந்த குறைக்கு அளவே இல்லை. ஆனால் ஒரு லாபம் உறுதி: பெரிய இடத்தில் விழுந்தாலும் சின்ன இடத்தில் ஜெயித்தது பெயரோடு ஒட்டியிருக்கும். ஃப்ராஸ்ட்டை யூசிஎஃப் மறுபடி எடுத்தது, நேப்பியரை ஜேம்ஸ் மேடிசன் எடுத்தது.

மூன்றாவது, உள்ளிருந்தே ஏறுவது. வீரர்கள் தெரிந்தவர்கள், வீடு நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் முந்தினவர் வைத்த கோட்டிலிருந்துதான் எண்ண ஆரம்பிப்பார்கள். நோட்டர்டேமில் மார்கஸ் ஃப்ரீமன் முதல் மூன்று ஆட்டமும் தோற்றார், அதில் மூன்றாவது மார்ஷலிடம், சொந்த மைதானத்தில். மூன்றாம் சீசனில் தேசிய இறுதி ஆட்டம். ஒஹாயோ ஸ்டேட்டின் ரயன் டேயை எடுத்துக்கொள்ளுங்கள், 2024 நவம்பரில் மிச்சிகனிடம் 13–10 தோற்றபோது அவர் மொத்தக் கணக்கு 66–10, ஆனாலும் நான்காவது வருஷமாக அதே எதிரியிடம் தோற்றதால் ஊரில் பாதிப் பேர் அவரை அனுப்பத் தயார். ஏழு வாரம் கழித்துத் தேசியப் பட்டத்தோடு நின்றார்.

அவசரத்தில் கிடைக்கிற நாற்காலி வேறு வகை. 2024 பிப்ரவரியில், ஆள் சேர்க்கும் காலமெல்லாம் முடிந்த பிறகு சிப் கெல்லி கிளம்பியதால் யூசிஎல்ஏ-வில் (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) தன் பழைய அணிக்கே ஹெட் கோச்சானார் டிஷான் ஃபாஸ்டர். 5–7, அடுத்த சீசன் 0–3, முடிந்தது. மொத்தம் 15 ஆட்டம். அதே வாரக் கடைசியில் வர்ஜீனியா டெக்கும் 0–3-இல் இருந்த பிரென்ட் ப்ரையை அனுப்பியது, அவரும் முதல்முறை ஹெட் கோச்தான்.

இந்த அவசரத்துக்குப் போர்ட்டல் (வீரர்கள் வேறு பள்ளிக்கு மாறப் பதிவு செய்யும் பட்டியல்) ஒரு பெரிய காரணம். முன்பெல்லாம் தன் பையன்களைச் சேர்த்து வளர்க்க மூன்று நாலு வருஷம் வேண்டும் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள். இப்போது ஒரே குளிர்காலத்தில் பாதி அணியை மாற்றலாம், 2025 ஜூலையிலிருந்து பள்ளியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் (முதல் வருஷ வரம்பு சுமார் 2.05 கோடி டாலர்), "சிக்னெட்டி முதல் வருஷமே 11–2 எடுத்தாரே, உனக்கு என்ன" என்று கேட்பார்கள். அவர் அப்போதே பதின்மூன்று சீசன் ஹெட் கோச்சாக இருந்தவர் என்பதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அந்த நான்காவது வழியைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. பட் ஃபாஸ்டர் வர்ஜீனியா டெக்கில் 1995 முதல் 2019 வரை தற்காப்பு கோஆர்டினேட்டர், ஹெட் கோச் ஆகவே இல்லை. அயோவாவில் ஃபில் பார்க்கர் 2012-இலிருந்து அதே நாற்காலி, 2023-இல் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளர் விருது. பெரிய இடங்களில் கோஆர்டினேட்டர் சம்பளம் இப்போது வருஷம் 30 லட்சம் டாலர் தாண்டுகிறது. நன்கொடையாளர் வீட்டு விருந்து இல்லை, திங்கள்கிழமை பத்திரிகையாளர் சந்திப்பு இல்லை.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி வைப்பேன்: 6–7-ஐப் பொறுத்த வரலாறு உள்ள பெரிய பள்ளி முதலில், உள்ளிருந்து ஏறும் நல்ல வீடு அடுத்து, சின்னப் பள்ளி மூன்றாவது. வெறும் பெயருக்காகப் பொறுமையில்லாத பெரிய பள்ளிக்குப் போவதைவிட ஃபில் பார்க்கராக இருப்பதே மேல்.

ஃப்ளோரிடா 2025 கடைசியில் மறுபடி அனுபவஸ்தரையே எடுத்திருக்கிறது. ட்ராயிலும் டுலேனிலும் ஜெயித்த ஜான் சம்ரால். எடுத்த இயக்குநர் ஸ்காட் ஸ்ட்ரிக்லின், மல்லனையும் நேப்பியரையும் எடுத்து அனுப்பிய அதே ஆள். சம்ரால் நல்ல கோச், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அவர் முதல் சீசனில் 6–7 எடுத்தால், ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் இருக்கிற கெய்ன்ஸ்வில்லில் வீடு வாங்காமல் வாடகைக்கே இருக்கச் சொல்வேன்.