மைசீக்வல் 8.0-க்கு அப்புறம்: 8.4-ஆ, போஸ்ட்கிரெஸ் 18-ஆ?

மைசீக்வல் 8.0 டேட்டாபேஸுக்கான ஆதரவு 2026 ஏப்ரல் வரைதான். 2018-இல் வந்த பதிப்பு, எட்டு வருஷம் உழைத்திருக்கிறது. அதை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதே வீட்டில் மாடி ஏறி 8.4 எல்.டி.எஸ்-க்கு (நீண்ட கால ஆதரவு உள்ள பதிப்பு) போகலாம். இல்லையென்றால் 2025 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 18 என்ற வேறொரு டேட்டாபேஸுக்குக் குடி மாறலாம்.

போஸ்ட்கிரெஸ் 18 என்றதும் எல்லோரும் முதலில் பேசுவது அசிங்க்ரனஸ் ஐ/ஓ பற்றித்தான். முன்பெல்லாம் டிஸ்கிலிருந்து ஒரு பக்கத்தை (டேட்டாவின் ஒரு துண்டை) கேட்டுவிட்டு, அது வந்து சேரும்வரை ப்ராசஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இப்போது பல பக்கங்களை முன்கூட்டியே கேட்டு வைக்கிறது. அதற்கென்று மூன்று வொர்க்கர்கள் பின்னணியில் ஓடுகின்றன. லினக்ஸில் அதன் கெர்னலே தரும் ஐஓ-யூரிங்குக்கும் மாற்றிக்கொள்ளலாம். வெளியீட்டு அறிவிப்பில் மூன்று மடங்கு வரை வேகம் என்றார்கள். அந்த ‘வரை’யைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முழு டேபிள் ஸ்கேன், வேண்டிய பக்கங்களைப் பட்டியலிட்டுப் படிக்கும் பிட்மேப் ஸ்கேன், செத்த வரிசைகளைக் கூட்டித் தள்ளும் வேக்யூம் போன்றவற்றுக்குத்தான் இந்தப் பலன். சாதாரண இன்டெக்ஸ் (வேண்டிய வரிசையைச் சட்டென்று காட்டும் பட்டியல்) ஸ்கேனுக்கும் எழுதும் வேலைக்கும் 18-இல் கிடையாது. டேட்டா மொத்தமும் ரேமில் அடங்கிவிடுகிற இடத்தில் வித்தியாசமே தெரியாது. மைசீக்வலின் சேமிப்பு இன்ஜினான இனோடிபி பல வருஷமாகவே லினக்ஸின் சொந்த அசிங்க்ரனஸ் ஐ/ஓவைப் பயன்படுத்தி வருகிறது. ஆக, இது போஸ்ட்கிரெஸ் அடைத்த பழைய கடன்.

ஸ்கிப் ஸ்கேன் கதை வேறு. கிளை, பில் தேதி என்று இரண்டு நெடுவரிசையின் மேல் ஒரு இன்டெக்ஸ் இருக்கிறது. டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில் (க்வெரி) தேதி மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு கிளைதான் என்றால், 18 ஒவ்வொரு கிளைக்கும் தாவித் தாவிப் போய் அந்தத் தேதியை மட்டும் எடுத்து வரும். மைசீக்வலில் இது 8.0.13-இலேயே வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அங்கே ஒரே டேபிளாக இருக்க வேண்டும், குழுவாகத் தொகுக்கும் ‘குரூப் பை’ இருக்கக் கூடாது, இன்டெக்ஸில் இல்லாத நெடுவரிசை எதையும் தொடக் கூடாது. பில் தொகையையும் சேர்த்துக் கேட்டால் போச்சு. போஸ்ட்கிரெஸில் இந்த நிபந்தனைகள் இல்லை. முதல் நெடுவரிசையில் மதிப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் மட்டும் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

விர்ச்சுவல் ஜெனரேட்டட் நெடுவரிசையில் (சேமிக்காமல், படிக்கும்போது கணக்கிட்டுத் தருவது) மைசீக்வல்தான் முன்னால் நிற்கிறது. 5.7-இலிருந்தே அதன் மேல் இன்டெக்ஸ் போட முடியும். போஸ்ட்கிரெஸ் 18-இல் அந்த நெடுவரிசை வந்திருக்கிறது, அதன் மேல் இன்டெக்ஸ் வரவில்லை.

யூயூஐடியை (எங்கும் மோதாத 128 பிட் அடையாள எண்) ப்ரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் உரிய தனி அடையாளமாக, வைப்பவர்களுக்கு 18-இல் அதன் வி7 வகை உள்ளேயே கிடைக்கிறது. இதன் முதல் 48 பிட் மில்லிசெகண்ட் நேரம் என்பதால், புது வரிசைகள் இன்டெக்ஸின் வலது ஓரத்தில் ஒழுங்காகப் போய் அமரும். முழுக்கத் தற்செயலான வி4 என்றால் கண்ட இடத்திலெல்லாம் விழுந்து பக்கங்களைப் பிளந்துகொண்டே இருக்கும். இதில் ஒரு வேடிக்கை. இனோடிபி டேபிளையே ப்ரைமரி கீ வரிசையில்தான் அடுக்குகிறது. தாறுமாறான கீயால் அதிகம் அடிபடுவது அதுதான். அங்கேதான் வி7 இல்லை. 8.4-இலும் பழைய வி1-ஐ எடுத்து, பைனரியாக மாற்றும்போது பிட்டுகளை இடம் மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். மைசீக்வலிலிருந்து பிரிந்த மரியாடிபி 11.7-இல்கூட வி7 வந்துவிட்டது.

என்னைக் கேட்டால் 18-இல் உருப்படியான அம்சம் இதெல்லாம் இல்லை. பதிப்பு ஏற்றும் கருவியான பிஜி-அப்கிரேட் இப்போது ப்ளானரின் (கேள்விக்கு எந்த வழியில் பதில் தேடுவது என்று முடிவுசெய்யும் பகுதி) புள்ளிவிவரங்களையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஒரு முறை இரவு ஒரு மணிக்கு ஒரு பில்லிங் டேட்டாபேஸைப் பழைய முறையில் ஏற்றினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்று அப்ளிகேஷனைத் திறந்துவிட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துகொண்டிருந்த கேள்வி பதிலே தராமல் தொங்கியது. காரணம் இதுதான்: புள்ளிவிவரம் காலி, எந்த டேபிளில் என்ன இருக்கிறது என்று ப்ளானருக்கே தெரியாது. புள்ளிவிவரத்தைத் திரும்பச் சேகரிக்கும் அனலைஸ் முடியும்வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி அந்த இரவு பெரும்பாலும் வராது. நாமே தனியாக உருவாக்கிய எக்ஸ்டெண்டட் புள்ளிவிவரங்கள் மட்டும் வராது; அவற்றுக்கு அனலைஸ் ஓட்டத்தான் வேண்டும். இன்னொன்று, 18-இல் செக்சம் (பக்கங்கள் கெட்டுப்போனதா என்று கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எண்) இயல்பாகவே ஆன். பழைய க்ளஸ்டரில் (ஒரு சர்வரின் மொத்த டேட்டா) அது இல்லையென்றால், புதியதை இன்ட்டிபி கட்டளையால் உருவாக்கும்போதே நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்கிரேட் முதல் படியிலேயே மறுத்துவிடும்.

8.4-க்கு ஏறுவது பார்க்க எளிது. புது பைனரியைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் அதுவே மாற்றிக்கொள்ளும்; அதே டேட்டா டைரக்டரியோடு திரும்பி 8.0-க்கு இறங்கத்தான் வழியில்லை, பேக்கப்போ டம்ப்போதான் துணை. அடி விழுவது வேறு இடத்தில். மைசீக்வல்-நேட்டிவ்-பாஸ்வேர்ட் என்ற பழைய லாகின் முறை இயல்பாகவே ஆஃப், அதனால் பழைய பிஎச்பி அப்ளிகேஷன் லாகினிலேயே விழும். 9.0-இல் அதை அடியோடு எடுத்துவிட்டார்கள். நகல் சர்வரின் நிலையைக் காட்டும் ‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’ கட்டளை 8.4-இல் இல்லை, அதை நம்பியிருந்த மானிட்டரிங் ஸ்கிரிப்ட் எல்லாம் ஊமையாகிவிடும். டிஸ்க் விநாடிக்கு எத்தனை வேலை தாங்கும் என்று சொல்லும் இனோடிபி ஐஓ கெப்பாசிட்டியின் இயல்பு மதிப்பு 200-இலிருந்து 10,000-க்குத் தாவியிருக்கிறது. பழைய சுழலும் டிஸ்க் வைத்திருப்பவர்கள் கான்ஃபிக்கைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

மரியாடிபியைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். 11.8-இல் ஏஐ தேடலுக்கு உதவும் வெக்டர் இன்டெக்ஸ்வரை இருக்கிறது. ஆனால் மைசீக்வல் 8.0-இன் டேட்டா டைரக்டரியை அப்படியே எடுத்துப் போட முடியாது. டம்ப் (டேட்டாவை எஸ்க்யூஎல் கோப்பாக எழுதி) எடுத்துத்தான் ஏற்ற வேண்டும். அவ்வளவு சிரமப்படுவதென்றால் நான் போஸ்ட்கிரெஸுக்கே போய்விடுவேன்.

ஓடிக்கொண்டிருக்கும் மைசீக்வல் அப்ளிகேஷன், ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்த நிரல்) நிறைய, ஆள் ஒருவர் என்றால் 8.4-க்குப் போங்கள். முதல் டேபிளே இனிமேல்தான் என்றால் 18. ஏற்கெனவே போஸ்ட்கிரெஸ் 14-லோ 15-லோ இருந்தால் 18-க்கு ஏறுவதில் யோசிக்க ஒன்றுமில்லை. செக்சமை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.