எக்செல் ரிப்போர்ட்டில் பட்டன் வைத்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் கவனம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கும் புரொடக்‌ஷனும் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். எங்கள் தினசரி ரிப்போர்ட் ஒரே எக்செல் ஃபைல். கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஷீட். எந்த ஷீட்டில் ஆர்டர் நம்பரைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அந்த ஷீட்டின் கணக்கு மட்டும் மாற வேண்டும். கேட்டது இவ்வளவுதான். கோவையிலிருந்து வந்த ஒருவர், "சின்ன வேலைங்ணா, முடிச்சுக் குடுத்தர்றேன்" என்று முதலாளியிடம் சொன்னார். தன் லேப்டாப்பிலேயே ஓட்டிக் காட்டி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எல்லா ஷீட்டின் கோம்போ பாக்ஸையும் (ஆர்டரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் பெட்டி), மறைத்து வைத்த ஒரு ஷீட்டின் ஒரே செல்லோடு இணைத்திருக்கிறார். செக்கிங் ஷீட்டில் ஆர்டரை மாற்றினால் பேக்கிங் ஷீட்டிலும் எண்கள் மாறிவிடும். மேலே இருக்கும் தலைப்போ வெறுமனே டைப் அடித்தது, அது மாறாது. தலைப்பில் ஒரு ஆர்டர், கீழே இன்னொரு ஆர்டரின் பீஸ் கணக்கு. அப்படியே பையர் ஆபீசுக்குப் போய்விட்டது. திட்டு வாங்கியது எங்கள் மெர்ச்சண்டைசர் பெண். அந்தப் பிள்ளை மேல் ஒரு தப்பும் கிடையாது.

பட்டன்கள் எல்லாம் ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் பழைய முறையில் செய்தவை. மைக்ரோசாஃப்ட் 365-இல் 2025 முதல் அதைத் தானாகவே முடக்கி வைக்கிறார்கள். முதலாளியின் புது கம்ப்யூட்டரில் அமுக்கினால் அசையவே இல்லை. சரி, நாமே திருத்தலாம் என்று பார்த்தால் மேக்ரோ கோடுக்கு (பட்டனை இயக்கும் புரோகிராமுக்கு) பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறார். திறந்து தர இன்னொரு முறை பணம் கேட்டார். அப்புறம் போனையே எடுப்பதில்லை. நம் காசில் எழுதிய கோடை நம்மிடமே பூட்டி வைப்பது அயோக்கியத்தனம்.

உங்களிடம் யாராவது வந்தால் உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் ஃபைலில் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு ஷீட்டில் ஆர்டரை மாற்றிவிட்டு மற்ற ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டு கைக்கு வராமல் மீதிப் பணம் தர வேண்டாம். பிவட் டேபிள் (கணக்கைத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணை) இருந்தால் இதற்கு மேக்ரோவே தேவையில்லை. எக்செல் 2010-லிருந்தே ஸ்லைசர் (அமுக்கினால் பிவட்டை வடிகட்டும் பட்டன்கள்) இருக்கிறது. அதன் ரிப்போர்ட் கனெக்‌ஷன்ஸில் அந்த ஷீட்டின் பிவட்டை மட்டும் டிக் செய்தால் போதும்.

அந்த ஆள் இப்போது பல்லடம், அவிநாசி பக்கம் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேட்பதாகத் தெரிகிறது. வந்தால் முதலில் பழைய வேலை ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.