செயற்கைக்கோள் மோடத்தின் முகப்புப் பலகை: ஓராண்டுப் பழக்கத்தில் கண்டவை

ரேக்கில் ஒரு யூனிட் உயரத்தை மட்டுமே பிடிக்கும் இந்தச் செயற்கைக்கோள் மோடத்தை ஓராண்டாக அன்றாடம் கையாண்டு வருகிறேன். செயற்கைக்கோள் வழியாகத் தரவை அனுப்புவதிலும் பெறுவதிலும் அதன் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. கணினி எதையும் இணைக்காமல், அதன் முன்னால் நின்றபடியே அமைப்புகளை மாற்ற வேண்டியிருக்கும்போது அந்த மெனுக்கள் எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன என்பதைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

திரையில் வரிக்கு 40 எழுத்துகள் வீதம் இரண்டே வரிகள். பக்கத்தில் நான்கு அம்புப் பட்டன்களும் எண்டர், கிளியர் என இரண்டு பட்டன்களும் உள்ளன. எண் பட்டன்கள் கிடையாது. இடம், வலம் அம்புகள் கர்சரை நகர்த்தும். மேல், கீழ் அம்புகள் மதிப்பை மாற்றும். எண்டர் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும். கிளியர் ஒரு படி மேலே திருப்பி அனுப்பும். எந்த மெனுவுக்குள் போனாலும் இந்த விதி மாறுவதில்லை என்பதால், இரண்டாம் நாளிலேயே விரல்கள் தாமாகவே வழி கண்டுபிடித்துவிடுகின்றன.

எண் பட்டன் இல்லாதது தொடக்கத்தில் எரிச்சலைத் தந்தது. ஐஎஃப் அதிர்வெண்ணை (மோடத்துக்கும் ஆன்டெனாக் கருவிகளுக்கும் இடையே சமிக்ஞை பயணிக்கும் இடைநிலை அதிர்வெண்ணை) மெகாஹெர்ட்ஸில் நான்கு தசம இடங்கள் வரை, அதாவது 100 ஹெர்ட்ஸ் படிகளில், ஒவ்வோர் இலக்கமாகத்தான் திருத்த வேண்டும். 70.0000-ஐ 69.8750 ஆக்க வேண்டுமானால் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பள்ளியில் படித்த கடன் வாங்கிக் கழித்தலை இந்த மெனுவும் படித்திருக்கிறது: முதல் தசம இடத்தில் கர்சரை வைத்துக் கீழ் அம்பை ஒரு முறை அழுத்தினால் 69.9000, அடுத்த இடத்தில் இரு முறை அழுத்தினால் 69.8800, அதற்கடுத்த இடத்தில் ஐந்து முறை அழுத்தினால் 69.8750. எட்டு அழுத்தல்களில் வேலை முடிந்துவிடுகிறது. 52 முதல் 88 வரையிலும், 104 முதல் 176 வரையிலுமான இரு பட்டைகளுக்கும் வெளியே செல்லும் எண்ணை எண்டர் ஏற்பதில்லை.

எண்டரை அழுத்தும் வரை கேரியர், அதாவது தரவைச் சுமந்து செல்லும் அலை, இடம் பெயராது என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அழுத்திய மறுகணமே, பரப்பி (டிரான்ஸ்மிட்டர்) இயங்கிக்கொண்டிருந்தாலும், ஒரு வார்த்தை கேட்காமல் கேரியர் புதிய அதிர்வெண்ணுக்குத் தாவிவிடும். ஓர் இலக்கம் பிசகினால், செயற்கைக்கோளில் சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் அதே டிரான்ஸ்பாண்டரில் இருக்கும் வேறொருவரின் கேரியர் மீது போய் உட்கார்ந்துவிடுவோம். ஆகவே முதலில் கேரியரை மியூட் செய்துவிட்டு (அனுப்புவதை நிறுத்திவிட்டு) அதன் பிறகே அதிர்வெண்ணைத் தொடுவதுதான் முறை. அந்த மியூட்டையோ மூன்று மெனுக்களுக்கு உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்கள். வீட்டின் மெயின் சுவிட்சைப் பரணில் பொருத்தியதைப் போன்ற காரியம் இது.

மெனுக்களின் வரிசையையும் யோசித்து அமைத்ததாகத் தெரியவில்லை. முதலில் தரவு வேகம், பிறகு மாடுலேஷன் (தரவை அலையில் ஏற்றும் முறை), கடைசியில் பிழைதிருத்தக் குறியீடு என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் பின்னிரண்டும்தான் தரவு வேகத்தின் உச்ச வரம்பைத் தீர்மானிக்கின்றன. இந்த வரிசையிலேயே போனால், முதலில் கொடுத்த வேகத்தை மோடம் மறுத்துவிடும். அல்லது பின்னால் குறியீட்டை மாற்றும்போது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே நான் பின்னாலிருந்து முன்னால் வருகிறேன். இதைவிடப் பெரிய குறை, சிம்பல் வேகம் (நொடிக்கு அலையில் எத்தனை சிம்பல்கள் போகின்றன என்பது) இந்தப் பக்கத்தில் தெரிவதில்லை என்பது. நொடிக்கு 2048 கிலோபிட் வேகமும் 3/4 குறியீடும் (அனுப்பும் நான்கு பிட்டில் மூன்று தரவு) கொண்ட கேரியர், ஒரு சிம்பலில் இரண்டு பிட் ஏற்றும் கியூபிஎஸ்கே மாடுலேஷனில் நொடிக்கு ஏறத்தாழ 1365 கிலோசிம்பல் இடத்தைக் கேட்கும். மூன்று பிட் ஏற்றும் 8பிஎஸ்கேக்கு மாற்றினால் அது 910-க்கு இறங்கும். வாடகைக்கு எடுத்த அலைவரிசைக்குள் அடங்குகிறோமா என்பதைச் சொல்லும் எண் இதுதான். அதைப் பார்க்கக் கிளியரை இரு முறை அழுத்தி வெளியேறி, தகவல் மெனுவுக்குள் போக வேண்டியிருக்கிறது. இரண்டாவது வரியில் பாதி காலியாகத்தான் கிடக்கிறது. அங்கே அச்சிட்டிருந்தால் என்ன?

சோதனை மெனு எளிமையானது, அதனாலேயே ஆபத்தானதும்கூட. ஐஎஃப் லூப்பைத் தேர்ந்தெடுத்தால் மோடம் தன் கேரியரைத் தானே பெற்றுக்கொள்ளும்; ஈபி/என்ஓ (இரைச்சலோடு ஒப்பிட்ட சமிக்ஞை வலிமை) நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கும், பெறுதல் விளக்கும் பச்சையாக எரியும். ஒரு நாள் அந்த லூப்பை எடுக்க மறந்து, பச்சை விளக்கைப் பார்த்த திருப்தியில் கிளம்பிவிட்டேன். ரூட்டர் தன் பொட்டலங்களையே திரும்பப் பெற்றுக்கொண்டிருப்பதாகத் தொலைபேசியில் செய்தி வந்த பிறகுதான் காரணம் புரிந்தது. சோதனை நடப்பதைக் காட்டத் தனியாக ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது என்றாலும், பச்சை எரியும்போது யாரும் மஞ்சளைத் தேடுவதில்லை.

தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் ரிமோட் நிலையில் முகப்பிலிருந்து எதையும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது, இது சரியே.

நிகழ்வுப் பதிவைப் பொறுத்தவரை, லாக் (வரும் சமிக்ஞையின் மீதான பிடிப்பு) இழந்த நேரமும் மீண்ட நேரமும் நொடி பிசகாமல் பதிவாகின்றன. ஆனால் திரைக்கு ஒரு நிகழ்வுதான் தெரியும், குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குத் தாவவும் வழியில்லை. போதாக்குறைக்கு, பதிவைப் பார்ப்பதற்கான தேர்வுக்கு ஒட்டினாற்போல் எல்லாவற்றையும் அழிப்பதற்கான தேர்வு இருக்கிறது. மழையில் இணைப்பு விட்டுவிட்டு அறுந்த ஓர் இரவின் பதிவுகள் முழுவதையும் வலது அம்பை ஒரு முறை கூடுதலாக அழுத்தியதால் இழந்திருக்கிறேன். அப்போதிலிருந்து, பதிவைத் திறக்கும்போது இடது கையில் பேனாவையும் தாளையும் பிடித்துக்கொண்டு, வலது கையின் ஒரு விரலை மட்டுமே பட்டன் பக்கம் கொண்டுபோகிறேன்.